பெரியவர் உட்கார்ந்த நாற்காலி

ஓர் ஆபீஸில் எந்த சீட்டுக்கு வேண்டுமானாலும் ஆள் போட்டுவிடலாம். 'மனுஷன்னா அவர்தான்யா' என்று பேர் வாங்கிய ஒருத்தர் காலி செய்த சீட்டுக்கு ஆள் போடுவதுதான் கஷ்டம். முந்தினவர் சிடுமூஞ்சி என்றால் அடுத்து வருகிறவருக்கு யோகம். காலையில் சிரித்துக்கொண்டு குட்மார்னிங் சொன்னால் போதும், மத்தியானத்துக்குள் கேண்டீனில் அவரைத் தெய்வமாக்கிவிடுவார்கள். முந்தினவர் மகான் என்றால் தொலைந்தது. பிரிவுபசார விழாவில் போட்ட சந்தன மாலை வாடுவதற்குள் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். புதியவர் ஒரு ஃபைலைத் திருப்பி அனுப்பினால், 'அவர் இருந்தா இப்படியா?' என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டாலோ, 'அவர் மாதிரி படிச்சுப் பார்க்கத் தெரியலையே.'

இந்த விஷயத்துக்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் பம்பாயில், ஹோமி மோடி தெருவில், பம்பாய் ஹவுஸ் என்கிற கட்டடத்தில் இருக்கிறது. டாடா சன்ஸ் சேர்மன் நாற்காலி. கடந்த முப்பத்துச் சொச்சம் வருஷங்களில் அது மூன்று முறை கை மாறியது. ஒருவர் ஜெயித்தார். ஒருவர் நாலு வருஷம் முடியுமுன் வெளியே அனுப்பப்பட்டார். ஒருவர் சத்தமில்லாமல் காரியத்தைப் பார்த்தார். மூவரும் கெட்டிக்காரர்கள்தான். பின்னே ஏன் இப்படி என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குடைச்சல்.

முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர். ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. சுருக்கமாக ஜே.ஆர்.டி. 1904-ல் பாரிஸில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். 1929-ல் இந்தியாவின் முதல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு தானே விமானம் ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து அந்தத் தபாலை மெட்ராஸுக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்ட்சென்ட் என்கிற முன்னாள் ஆர்.ஏ.எஃப். விமானி. ஆக, டாடாவின் முதல் தபால் விமானத்தில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

1938-ல், 34 வயதில், அந்த நாற்காலிக்கு வந்தார். அப்போது 14 கம்பெனிகள். 1991-ல் அவர் எழுந்தபோது 95. நடுவில் அவர் பெற்றெடுத்த ஏர் இந்தியாவை 1953-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அதன் சேர்மனாக அவரையே வைத்துக்கொண்டார்கள். 1978-ல் மொரார்ஜி தேசாய் சர்க்கார் அந்தப் பதவியிலிருந்தும் அவரை நீக்கியது. 1992-ல் பாரத ரத்னா. ஒரு தொழிலதிபருக்கு இந்த தேசத்தில் கிடைக்கக்கூடிய மரியாதை அத்தனையும் கிடைத்தது.

அவருடைய நிர்வாக முறை ரொம்ப எளிமை. நல்ல ஆளாகப் பிடி, நம்பு, ஒதுங்கி நில். அப்படிப் பிடித்த ஆட்களைப் பாருங்கள். டெல்கோவில் சுமந்த் மூல்கோக்கர். (டாடா சுமோ என்று வண்டி வந்ததே, அது ஜப்பான் மல்யுத்தம் இல்லை ஸார். இவர் பெயரின் இரண்டு முதல் எழுத்துகள்!) டாடா கெமிக்கல்ஸில், தேயிலைக் கம்பெனியில் தர்பாரி சேத். தாஜ் ஹோட்டல்களில் அஜித் கேர்க்கர். பம்பாயில் ஒற்றை ஹோட்டலாக இருந்ததை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். நுங்கம்பாக்கத்தில் 1974-ல் திறந்த தாஜ் கோரமண்டல் அந்த வரிசையில் வந்தது. எல்லாருக்கும் மேலே, ஜாம்ஷெட்பூர் டாடா ஸ்டீலில் ரூஸி மோடி.

ரூஸி மோடி பற்றித் தனியாக ஒரு சினிமா எடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1939-ல் டாடா ஸ்டீலில் கலாசியாகச் சேர்ந்து, அதே கம்பெனிக்கு சேர்மன் ஆனவர். பியானோ வாசிப்பார். பதினாறு முட்டை போட்டு ஆம்லெட் சாப்பிடுவார் என்று ஒரு கதை உண்டு; எண்ணியவர் யாரோ தெரியாது. தொழிலாளிகள் அவருக்காக உயிரையே விடுவார்கள். அப்பா பெயர் ஸர் ஹோமி மோடி. ஆமாம், பம்பாய் ஹவுஸ் இருக்கிற தெருவுக்கே அப்பா பெயர்!

இந்த மாதிரி நாலைந்து பேர் ஆளுக்கொரு ராஜ்ஜியமாக ஆண்டுகொண்டிருந்தார்கள். குறுநில மன்னர்கள். பேரரசர் ஒருத்தர் பம்பாயில் இருந்தார். அவரிடம் எல்லாருக்கும் பக்தி. கப்பம் மட்டும் சரியாக வராது.

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் மேனேஜிங் ஏஜென்ஸி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. தாய்க் கம்பெனி பல கம்பெனிகளை ஒப்பந்தம் போட்டுத் தானே நிர்வாகம் செய்யும், கமிஷன் எடுத்துக்கொள்ளும். பங்கு கொஞ்சமாக இருந்தாலும் பிடி முழுசாக இருக்கும். 1970-ல் சர்க்கார் அதை ஒழித்துவிட்டது. மறுநாளிலிருந்து டாடா ஸ்டீல் தனி, டெல்கோ தனி, டாடா கெமிக்கல்ஸ் தனி. சட்டப்படி ஒன்றுக்கொன்று உறவில்லை. டாடா சன்ஸ் கையில் இருந்த பங்கோ பல கம்பெனிகளில் சொற்பம். வெளியிலிருந்து யாராவது பண மூட்டையோடு வந்து வாங்கினால் தடுக்க முடியாத அளவுக்குச் சொற்பம்.

பின்னே இருபது வருஷம் அத்தனை கம்பெனிகளையும் ஒன்றாக வைத்திருந்தது எது? ஜே.ஆர்.டி.யின் முகம். வேறொன்றும் இல்லை. 'ஜே சொல்லிட்டார்' என்றால் மூல்கோக்கர் கேட்பார், மோடி கேட்பார். அந்த மரியாதைதான் நூல். ஆனால் மரியாதையை உயில் எழுதி ஒருத்தருக்குத் தர முடியாதே! நாற்காலியைத் தரலாம், பெயர்ப்பலகையை மாற்றலாம், காரையும் டிரைவரையும் ஒப்படைக்கலாம். ஐம்பது வருஷம் சேர்த்த மரியாதை பெரியவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

ரத்தன் டாடா பிறந்தது 1937 டிசம்பரில். அதாவது ஜே.ஆர்.டி. நாற்காலியில் உட்கார்ந்தபோது இவர் தவழ்ந்துகொண்டிருந்தார். அமெரிக்காவில் கார்னெல் யுனிவர்சிடியில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு 1962-ல் வேலைக்குச் சேர்ந்தார். ஜாம்ஷெட்பூரில் உலைக்குப் பக்கத்தில் வியர்வை. அப்புறம் இவரிடம் கொடுத்ததெல்லாம் நோயாளிக் கம்பெனிகள். 1971-ல் நெல்கோ, ரேடியோ, டி.வி. பண்ணின கம்பெனி. அப்புறம் நாகபுரியில் எம்ப்ரஸ் மில். மில்லைக் காப்பாற்ற ஐம்பது லட்ச ரூபாய் கேட்டார், கிடைக்கவில்லை. 1986-ல் மூடினார்கள். பத்திரிகைகள் இவர் பெயரோடு இதைச் சேர்த்தே எழுதின. 'டாடாங்கிற பேரைத் தவிர இவர்கிட்ட என்ன இருக்கு?'

1991-ல் ஜே.ஆர்.டி.க்கு உடம்பு சரியில்லாமல் போய் பம்பாய் ப்ரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். ரத்தன் தினம் போய்ப் பார்த்தார். வீடு திரும்பிய ஜே.ஆர்.டி. அடுத்த வாரம் ஆபீஸுக்கு வந்து, வழக்கம்போல 'என்ன விசேஷம்?' என்று கேட்டிருக்கிறார். நேற்றுப் பார்த்ததற்கு அப்புறம் புதுசாக ஒன்றுமில்லை என்றார் ரத்தன். 'என்கிட்ட ஒண்ணு இருக்கு. நான் விலகறதா முடிவு பண்ணிட்டேன், என் இடத்துக்கு நீதான்' என்கிற அர்த்தத்தில் பெரியவர் சொன்னாராம். பிற்காலத்தில் ரத்தனே பேட்டியில் சொன்னது. 1991 மார்ச் 25-ல் போர்டு கூடி அதை நிறைவேற்றியது.

நாலு மாதம் கழித்து, ஜூலை 24 அன்று, மன்மோகன் சிங் அந்தப் பிரசித்தி பெற்ற பட்ஜெட்டைப் படித்தார். லைசென்ஸ் ராஜ்ஜியம் தளர ஆரம்பித்தது. அதுவரை எஃகுக்கு சர்க்கார் விலை. எவ்வளவு செலவானாலும், எத்தனை பேரை வேலைக்கு வைத்திருந்தாலும், தயாரித்ததெல்லாம் விற்கும். 1992 ஜனவரியில் அந்த விலைக் கட்டுப்பாடும் போயிற்று. வெளிநாட்டுக்காரன் கதவைத் தட்டுகிறான். உள்ளே ஒவ்வொரு ராஜ்ஜியமும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது. பேரரசர் ரிடையர் ஆகிவிட்டார். புதுசாக வந்தவர் கூச்ச சுபாவி.

அந்த இடத்தில் நானாக இருந்தால் முதல் வாரமே எல்லாரையும் கூப்பிட்டு ஒரு நீளமான பிரசங்கம் செய்திருப்பேன். நீங்களும்தான், ஒப்புக்கொள்ளுங்கள்! ரத்தன் அதைச் செய்யவில்லை. தூசு படிந்த ஒரு சமாசாரத்தைக் கையிலெடுத்தார். ரிடையர்மென்ட் வயது.

டைரக்டர்கள் 75 வயதில் விலக வேண்டும் என்று 1992-ல் விதி வந்தது. அதில் யார் பெயரும் இல்லை. யாரையும் திட்டவில்லை. பிறந்த தேதியை மட்டும் பார்க்கிற விதி. 1993 ஜனவரியில் ரூஸி மோடிக்கு 75.

இதற்குள் மோடிக்கும் பம்பாய் ஹவுஸுக்கும் உரசல் முற்றியிருந்தது. தன் கீழே யாருக்கு எந்தப் பதவி என்பதைத் தானே முடிவு பண்ணி அறிவிக்க, போர்டு முறைத்துக்கொண்டது. ஜே.ஜே.இரானி 1992-ல் மேனேஜிங் டைரக்டர் ஆனார். 1993 ஏப்ரலில் மோடியை வெளியேற்றினார்கள். ரத்தன் டாடா ஸ்டீல் சேர்மன். தினசரிகளில் முதல் பக்கச் செய்தி. மோடியும் வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை. பத்திரிகைக்காரர்களுக்கு நல்ல தீனி. தன் அப்பா பெயர் வைத்த தெருவிலிருந்து ஒருத்தரை அனுப்புவது என்றால் சும்மாவா?

இதில் கவனிக்க வேண்டியது, அப்போது ஜே.ஆர்.டி. உயிரோடு இருந்தார். மோடி அவர் வளர்த்த பிள்ளை. அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'ரூஸிய ஏம்ப்பா...' என்று இழுத்திருந்தால் ரத்தன் கதை அங்கேயே முடிந்திருக்கும். இழுக்கவில்லை. பெரியவர் தனக்கு எவ்வளவு பக்கபலமாக இருந்தார், இந்த நெருக்கம் பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்கக்கூடாதா என்று ரத்தன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் ஜே.ஆர்.டி. காலமானார். விமானத்தை ஓட்டினார், எஃகு உருக்கினார், எல்லாம் சரி. கடைசி இரண்டரை வருஷம் பேசாமல் இருந்தார் பாருங்கள், அதை யாரும் அவர் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

மன்னர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1997-ல் கேர்க்கரும் போனார். அதுவும் சுமுகமாக இல்லை. இன்னொரு பக்கம் ரத்தன் நூலை மாற்றிக்கொண்டிருந்தார். ஜே.ஆர்.டி.யின் முகம் இருந்த இடத்தில் காகிதம் வந்தது. டாடா சன்ஸ் முக்கியமான கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கை உயர்த்தியது. 'டாடா' என்ற பெயரை உபயோகிக்கிற கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, விற்பனையில் ஒரு துளி கட்டணம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. 'எங்க பேருக்கு நாங்களே வாடகை குடுக்கணுமா?' என்று முணுமுணுப்பு. கட்டினார்கள்.

சிலதை விற்றார். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் பாட்டியிலிருந்து பேத்தி வரை தேய்த்துக் குளித்த ஹமாம் சோப்பு டாடா சரக்கு. டாம்கோ என்கிற டாடா எண்ணெய் மில் கம்பெனி பண்ணினது. 1993-ல் அந்தக் கம்பெனி அப்படியே ஹிந்துஸ்தான் லீவருக்குப் போனது. பரம்பரைச் சொத்தை விற்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் லாக்மேயும் அங்கேயே போனது.

டாடா ஸ்டீலில் நடந்ததுதான் பெரிசு. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அங்கே சுமார் 78,000 பேர். அப்பா வேலை பார்த்த இடத்தில் பிள்ளை, பிள்ளைக்கப்புறம் பேரன். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. முன்கூட்டியே விலகினவர்களுக்கு ஓய்வு வயது வரை மாதாமாதம் பணம் என்று ஒரு திட்டம். கம்பெனிக்கு உடனே லாபம் தராத திட்டம். ஆனால் ஜாம்ஷெட்பூர் தெருவில் ரத்தம் சிந்தாத திட்டம். ஆள்குறைப்பு என்றால் கேட்டில் போலீஸ் வேன் என்று பழகின நாட்டில் இது பெரிய விஷயம். போனவர்களுக்கு வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. நாற்பத்தைந்து வயசில் காலை பத்து மணிக்கு வீட்டுத் திண்ணையில் உட்காருவதற்கு எந்தத் திட்டமும் ஈடு கிடையாது.

பிறகு கார். லாரி பண்ணுகிற டெல்கோ, சொந்தமாக ஒரு காரை வரைந்து தயாரிக்கும் என்று ரத்தன் சொன்னபோது பேப்பர்களில் கேலி. 1998 டிசம்பரில் இண்டிகா வந்தது. முதலில் ஏகப்பட்ட புகார். 2000-01-ல் டெல்கோவுக்கு 500 கோடி ரூபாய் நஷ்டம். ரத்தன் பொது மேடையில் மாட்டிக்கொண்டது அந்த வருஷம்தான். காரைத் திருத்தினார்கள், மறுபடி விட்டார்கள், ஓடியது. சென்னையில் கால் டாக்ஸி கூப்பிட்டு இண்டிகாவில் ஏறாதவர் யாராவது இருந்தால் கை தூக்கவும்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2000-ல் டெட்லி தேயிலை. 2004-ல் டி.சி.எஸ். பங்கு வெளியீடு. 2007-ல் கோரஸ் என்கிற ஐரோப்பிய எஃகுக் கம்பெனி. 2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவர். அதே வருஷம் ஜனவரியில் டெல்லியில் ஒரு லட்ச ரூபாய் கார், நானோ. மழையில் நாலு பேரோடு ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்து வந்த யோசனை என்று ரத்தன் சொன்னதைக் கேட்டு ஊரே உருகியது. பேர் சொல்லாமல் 'டாடா' என்று சொன்னாலே அவர் முகம்தான் வரும் என்ற நிலைமை.

கவனித்தீர்களா? முகத்தை எடுத்துவிட்டுக் காகிதம் வைத்தவருக்கே இப்போது முகம் வந்துவிட்டது.

நடுவில் என் சொந்தக் கதை ஒன்று. பேர் வேண்டாம், ஒரு தொழிற்சாலை, அம்பத்தூர்ப் பக்கம். எங்கள் ஜெனரல் மேனேஜர் ரிடையர் ஆனார். நிஜமாகவே நல்ல மனுஷர். எங்கள் கல்யாணங்களுக்கெல்லாம் வந்து மொய் எழுதியவர். போன மறு வாரம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், காபி சாப்பிட்டுப் போலாம்னு..." அடுத்த வெள்ளியும் வந்தார். அட்டெண்டர் ஓடிப்போய்ப் பழைய நாற்காலியைத் துடைத்துப் போட்டான். புதிய ஜி.எம். எழுந்து நின்றார். எங்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்து, புதியவர் வேண்டாமென்று சொன்ன சமாசாரத்தைப் பெரியவர் காதில் போடுவோம். அவர் உத்தரவா போடுவார்? சேச்சே. "அப்படியா... நம்ம காலத்துல..." என்று இழுத்துவிட்டுக் காபியை உறிஞ்சுவார். போதாதா? மூன்று காப்பி எழுத வேண்டிய ஒரு மஞ்சள் ஃபாரம், பெரியவர் கண்டுபிடித்தது, யாருக்கும் உபயோகமில்லை, அதைப் புதியவரால் கடைசி வரை ஒழிக்க முடியவில்லை. ஒன்றரை வருஷத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

பம்பாய் ஹவுஸில் நடந்ததை மஞ்சள் ஃபாரத்தோடு ஒப்பிடக்கூடாதுதான். அங்கே கோடிகள், கோர்ட்டுகள். ஆனாலும் 2016 அக்டோபரில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வெள்ளிக்கிழமைக் காபி வாசனைதான் அடித்தது.

2012 டிசம்பர் 28. ரத்தனுக்கு 75. மோடிக்குப் போட்ட அதே எண். (நடுவில் இந்த வயதைக் குறைத்தார்கள், 2005-ல் மறுபடி 75 ஆக்கினார்கள் என்று கேலி செய்தவர்கள் உண்டு.) சைரஸ் மிஸ்திரி பொறுப்பேற்றார். வயது 44. டாடா சன்ஸில் 18 சதவிகிதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. வாரிசைத் தேடுகிற கமிட்டி போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. டாடா சன்ஸின் 66 சதவிகிதம் டாடா டிரஸ்டுகள் கையில். டிரஸ்டுகளின் சேர்மன் ரத்தன். கம்பெனி நாற்காலியிலிருந்து எழுந்தார், டிரஸ்ட் நாற்காலியிலிருந்து எழவில்லை. பெரிய விஷயங்களுக்கு டிரஸ்ட் நியமித்த டைரக்டர்களின் சம்மதம் வேண்டும் என்று கம்பெனி விதிகளிலேயே இருந்தது. எதற்கு அந்த ஏற்பாடு? பிடியில்லாமல் ரத்தன் பட்ட பாடு அப்படி. 1991-ல் அவருக்கு நாற்காலி மட்டும் கிடைத்தது, பிடி இல்லை. இருபது வருஷம் பாடுபட்டுப் பிடியை உண்டாக்கினார். 2012-ல் சைரஸுக்குக் கொடுத்ததும் நாற்காலி மட்டும்தான்.

சைரஸ் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். ஐரோப்பிய எஃகு, இங்கே ஓடும் கார்கள், முந்த்ரா மின்நிலையம், டெலிபோன் கம்பெனி, வெளிநாட்டு ஹோட்டல்கள். ஐந்து இடத்தில் ரத்தம் ஒழுகுகிறது என்றார். ஐந்தில் பெரும்பாலும் பெரியவர் காலத்து முடிவுகள். நானோ நஷ்டத்திலேயே ஓடுகிறது, மூட வேண்டும், மனசு சம்பந்தப்பட்ட காரணத்தால் மூட முடியவில்லை என்று எழுதினார். எப்போது எழுதினார்? நீக்கப்பட்ட மறுநாள்!

2016 அக்டோபர் 24, திங்கட்கிழமை. போர்டு கூட்டத்தில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் அவர் பதவி வந்தது. ஆறு பேர் நீக்கச் சொன்னார்கள், இருவர் ஓட்டுப் போடவில்லை. முடிந்தது. 79-ஐ நெருங்கிக்கொண்டிருந்த ரத்தன் இடைக்கால சேர்மனாக மறுபடி அதே நாற்காலியில்.

அடுத்த நாள் கடிதத்தில் சைரஸ், தன்னைப் பேருக்குச் சேர்மனாக வைத்திருந்தார்கள் என்றார். மேற்படி ஐந்து இடங்களில் 1,18,000 கோடி ரூபாய் வரை மதிப்பைக் குறைத்து எழுத வேண்டி வரலாம் என்றார். டாடா தரப்பு மறுத்தது. டி.சி.எஸ்., ஜாகுவார் இரண்டை விட்டால் மீதியெல்லாம் இவர் காலத்தில் சரிந்தது, நாலு வருஷம் அவகாசம் கொடுத்தாயிற்று, நம்பிக்கை போய்விட்டது என்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2021 மார்ச் 26-ல் டாடா பக்கம் தீர்ப்பானது. ரத்தன் முதன்முதல் பதவியேற்று முப்பது வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. 2022 செப்டம்பரில் ஒரு கார் விபத்தில் சைரஸ் இறந்துபோனார். 54 வயது.

சட்டம் தீர்ப்பு சொல்லிவிட்டது, அதில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் ஆபீஸ்காரனாக ஒன்று சொல்வேன். சைரஸ் முதல் வருஷமே எடுத்திருக்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை அல்ல. 'இந்த ஐந்தில் எதைத் தொட எனக்கு அனுமதி உண்டு?' என்று பெரியவரிடம் நேரே கேட்டு ஒரு பதில் வாங்கியிருக்க வேண்டும். பெரியவரும், தான் பெற்ற பிள்ளையை இன்னொருத்தர் அடிக்கும்போது அடுத்த அறையில் ஜே.ஆர்.டி. எப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு தரம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது ஆள் நம்ம ஆள். நாமக்கல் பக்கம் மோகனூர். தமிழ் மீடியம் அரசுப் பள்ளி, கோயம்புத்தூரில் காலேஜ், திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்து 2009-ல் அதன் தலைவரான நடராஜன் சந்திரசேகரன். மாரத்தான் ஓடுகிறவர். 2017 பிப்ரவரியில் டாடா சன்ஸ் நாற்காலி. பார்ஸி அல்லாத ஒருவர் அதில் உட்கார்ந்தது முதல் தடவை.

வந்தவர் என்ன செய்தார் என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். வேடிக்கையாக இருந்தது. டெலிபோன் கம்பெனி விஷயமாக ஜப்பான் டோகோமோவோடு இருந்த வழக்கைப் பணம் கட்டி முடித்தார். அந்தக் கம்பெனியின் செல்போன் வியாபாரத்தை ஏர்டெல்லிடம் ஏறக்குறைய இலவசமாகத் தள்ளிவிட்டார். ஐரோப்பிய எஃகை ஜெர்மன்காரர்களோடு சேர்க்கப் பார்த்தார். ஐரோப்பிய கமிஷன் 2019-ல் தடுத்தது. வேல்ஸில் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்தது. இங்கே ஓடும் கார்களைத் தூக்கி நிறுத்தினார்கள். சைரஸ் கைகாட்டிய இடங்கள்தான், பெரும்பாலும்! அதே நோய், அதே மருந்து. டாக்டர்தான் வேறு.

எப்படி முடிந்தது? அவருக்குப் பின்னால் முப்பது வருஷ டி.சி.எஸ். சர்வீஸ் இருந்தது. குழுமத்துக்கே பால் கறக்கிற பசு அது. அதைக் கட்டி மேய்த்தவர் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. அதைவிட, வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு சுவரை இடித்தார் என்று நினைக்கிறேன். இடிக்கும்போது பெரியவர் தடுத்தார் என்று ஒரு வரிகூட வெளியே வரவில்லை. முன்னவர் காலத்து முடிவு தப்பு என்று இவரும் எங்கேயும் பேசவில்லை. 2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியா மறுபடி டாடாவிடம் வந்தபோது எல்லார் நினைவுக்கும் வந்தவர் ஜே.ஆர்.டி.தான்.

நானோ? அதை மூடுவதாக விழா இல்லை, பேட்டி இல்லை. 2018 ஜூனில் ஒரே ஒரு வண்டி தயாரித்தார்கள். அப்புறம் அதுவும் இல்லை. 2022-ல் ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பம்பாய் தாஜ் ஹோட்டல் வாசல். ஒரு வெள்ளை நானோ வந்து நிற்கிறது. முன் சீட்டிலிருந்து ரத்தன் டாடா மெதுவாக இறங்கி, ஹோட்டல் சிப்பந்தி கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார்.